பைதனில் 14 செக்கன், சியில் 0.00 செக்கன்: அளந்த முறை சரிதானா?

கல்லடி மாணவன்:
அனைவருக்கும் வணக்கம். உயர்தரத்தில் தகவல் தொழில்நுட்பம் கற்கிறேன். 1 முதல் 10 கோடி வரையுள்ள எண்களைக் கூட்டும் லூப் (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் சுற்று) ஒன்றைப் பைதன், சி என்னும் இரு நிரல்மொழிகளிலும் எழுதி, என் பழைய மடிக்கணினியில் ஓடவிட்டேன். பைதனுக்கு 14 செக்கன் பிடித்தது. வேகமாக ஓடும்படி மெருகேற்றும் ஓ2 தெரிவுடன் தொகுத்த சி செய்நிரலோ 0.00 என்று காட்டியது. மாமாவின் நெல் ஆலைக்கு வரும் மூடைகளின் நிறையைப் பதியும் செய்நிரலைப் பைதனில் தொடங்கியிருக்கிறேன். அதையும் சிக்கு மாற்ற வேண்டுமா?

கல்முனையிலிருந்து:
தம்பி, கூட்டுத்தொகையைத் திரையில் அச்சிட்டீரா? இல்லையென்றால், யாருக்கும் பயன்படாத லூப் என்று கண்டு, சி நிரலைச் செயலியின் கட்டளைகளாக மாற்றும் தொகுப்பான் அதை முழுதாக நீக்கியிருக்கும். நீர் அளந்தது வெறும் தொடக்கத்தையும் முடிவையுமே. அச்சிட்டாலும் கிளாங் போன்ற தொகுப்பான்கள் லூப்பை எடுத்துவிட்டு நேரடிச் சூத்திரத்தை வைத்துவிடுவதுண்டு. ஆகவே சுலபமாகச் சுருக்க முடியாத வேலை ஒன்றை லூப்புக்குள் வைத்து அளப்பதே நேர்மையான ஒப்பீடு. கூட்டுத்தொகை மாறியை, பெரிய முழு எண்களைத் தாங்கும் லோங் லோங் வகை என அறிவிக்கவும் மறக்க வேண்டாம்.

சம்மாந்துறையிலிருந்து:
அப்படி அளந்தாலும் சிதான் பல மடங்கு முந்தும் என்பதில் ஐயமில்லை. பைதன், செய்நிரலை முதலில் பைற்கோடு என்னும் இடைநிலைக் கட்டளைகளாக்கி, ஒவ்வொரு கட்டளையையும் ஓடும்போதே படித்து நிறைவேற்றுகிறது. அதிலும் ஓர் எண் என்பது 64 பிற் கணினியில் குறைந்தது 28 பைற் பிடிக்கும் பொருளாக இருப்பதால், ஒவ்வொரு கூட்டலிலும் வகையைப் பார்த்து, புதிய பொருளை உருவாக்கி, பழையதை விடுவிக்க வேண்டியிருக்கிறது. சியில் அதே வேலை செயலியின் ஒரு கூட்டல் கட்டளையோடு முடிந்துவிடும். உமது லூப் சார்புக்கு (தனிப் பெயரிட்ட நிரல் பகுதிக்கு) வெளியே கிடக்கிறதா? அப்படியானால் மாறியின் பெயரை ஒவ்வொரு சுற்றிலும் அகராதி என்னும் பெயர் அட்டவணையில் தேட நேரிடும். ஒரு சார்புக்குள் வைத்துப் பாரும்.

கல்லடி மாணவன்:
நன்றி அண்ணா. சார்புக்குள் வைத்ததும் 14 செக்கன் 9 ஆகக் குறைந்தது. சியில் மாறியை, சிறிய எண்களையே தாங்கும் இன்ட் வகை என்றே விட்டு அச்சிட்டபோது 987459712 என்று வந்தது. லோங் லோங் ஆக்கிய பிறகே பைதன் தந்த 5000000050000000 கிடைத்தது. விரைவாக வந்த தவறான விடையை நம்பியிருப்பேன்!

கல்முனையிலிருந்து:
இன்ட் ஓர் எல்லைக்கு மேல் எண்ணைத் தாங்காது; பைதனின் முழு எண்ணுக்கு அந்த எல்லை இல்லை. அந்த மெதுவுக்கு அதுவும் ஒரு காரணம். ஆலைக்கு ஒரு போகத்தில் வரும் மூடைகள் சில ஆயிரந்தானே? அவற்றின் நிறையை விசைப்பலகையில் தட்டும் நேரத்துக்கு முன்னால் லூப்பின் வேகம் தெரியவே தெரியாது. பைதனிலேயே எழுதி முடியும். லட்சக்கணக்கில் பெருகினால் நம்பை (NumPy) என்னும் பைதன் நூலகத்தைப் பார்க்கலாம், அதன் லூப்புகள் சியில்தான் ஓடுகின்றன.