தாழப் பறந்த ஹெலிகாப்டர்: பார்த்தவர்கள் சொல்லுங்கள்

தங்கச்சிமடத்துக்காரி
நெத்திலி முக்கால் பதம் காய்ந்திருந்த நேரம். வெள்ளையும் நீலமுமாக ஒன்று கரையை ஒட்டியே வந்தது, தென்னை மரத்துக்குச் சற்று மேலே. மீன் பரப்பியிருந்த வலை அப்படியே சுருண்டு எழுந்தது. நெத்திலி முழுவதும் மணலில். உள்ளே இருந்த ஒருவர் கைபேசியை வெளியே நீட்டி எங்களைப் படம் எடுத்தார். அந்தக் கை இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை. மணல் ஏறிய கருவாட்டுக்கு வியாபாரி கோழித் தீவன விலைதான் தருவார். புகார் சொல்லப் போனால், “வானத்தில் போனதற்கு நாங்கள் என்ன செய்ய முடியும்?” என்று அனுப்பிவிட்டார்கள்.

பறவை பார்ப்பவன்
அதே நிறத்தில் ஒன்றைத் தனுஷ்கோடிப் பக்கம் நானும் பார்த்தேன். கோதண்டராமர் கோயில் அருகே ஆழமில்லாத நீரில் பூநாரைகள் மேய்ந்துகொண்டிருந்தன. சத்தம் கேட்டதும் கூட்டம் மொத்தமும் எழுந்தது. தெரியாமல் வந்துவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். பறவைகள் மறுபடி இறங்கிய பிறகு திரும்பி வந்து அவற்றின் மேலேயே வட்டமடித்தார்களே, அதற்கு என்ன பெயர்? வலசை வந்த பறவைக்கு இரை தின்னும் நேரம்தான் உயிர்.

உச்சிப்புளி
அக்கா, எங்கள் ஊரில் கடற்படையின் பருந்து விமானத்தளம் 2009 முதல் இருக்கிறது. என் மைத்துனர் எஞ்சின் நின்ற படகில் தவித்தபோது, ஹெலிகாப்டர் தாழ வந்து கையசைத்த பிறகுதான் அவருக்கு உயிரே வந்தது. தாழப் பறக்கவே கூடாது என்றால் நடுக்கடலில் யார் தேடுவார்கள்?

தங்கச்சிமடத்துக்காரி
தம்பி, தேடி வருகிறவர்களை நான் கையெடுத்துக் கும்பிடுவேன். கைபேசியை நீட்டியவர் யாரைத் தேடினார்?

கீழக்கரை, பணி ஓய்வு
ஏர்வாடியில் ஒரு கீற்றுக் கொட்டகை பறந்ததை நான் பார்த்தேன், அவ்வளவுதான். இரண்டு பேரும் வெவ்வேறு விஷயத்தைப் பேசுகிறீர்கள். ராணுவ விமானங்களுக்கு நடைமுறை வேறு. தனியார் ஹெலிகாப்டர் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதிகளுக்குக் கட்டுப்பட்டது. கண்ணால் பார்த்து ஓட்டும்போது தரைக்கோ நீருக்கோ மேல் 150 மீட்டர் இருக்க வேண்டும். ஊர், மக்கள் கூட்டம் என்றால் 600 மீட்டர் சுற்றளவில் உள்ள மிக உயரமான தடையிலிருந்து 300 மீட்டர். ராமேஸ்வரம் டிவி கோபுரம் 323 மீட்டர். அதில் பாதிக்கும் கீழே வந்தால் சந்தேகப்படலாம்.

ஏறும்போதும் இறங்கும்போதும் விலக்கு உண்டு. விமானிகள் நழுவுவது இந்த இடத்தில்தான்: “இறங்கப் போனேன்” என்பார்கள். ஆகவே அன்று பக்கத்தில் எங்காவது ஹெலிபேடு இருந்ததா என்று முதலில் விசாரியுங்கள். வால் பகுதியில் ‘வி.டி.’ என்று தொடங்கும் பதிவெழுத்துகள் இருக்கும். அவை கிடைத்தால் உரிமையாளர் யார் என்று தெரிந்துவிடும். நேரத்தை நிமிடத்தோடு எழுதுங்கள். வீடியோ எடுத்தால் பெரிதாக்காமல், மின்கம்பமோ பனைமரமோ சட்டத்துக்குள் வரும்படி எடுங்கள். ஹெலிகாப்டர் எந்த ரகம் என்று தெரிந்தால் அதன் நீளமும் தெரியும். அதை வைத்து உயரத்தைக் கணக்கிடலாம். “ரொம்பத் தாழ வந்தது” என்று மட்டும் எழுதினால் விமானி மறுத்துவிடுவார், புகார் அங்கேயே நின்றுவிடும்.

தங்கச்சிமடத்துக்காரி
ஐயா, அந்த நேரத்தில் நான் மீனை அள்ளுவேனா, வீடியோ எடுப்பேனா?

பறவை பார்ப்பவன்
அக்கா, நீங்கள் எடுக்க வேண்டாம். என் கேமராவில் வால் எழுத்துகளில் கடைசி இரண்டு தெளிவாக விழுந்திருக்கின்றன. உங்களுக்கு நடந்தது எந்தத் தேதி, எத்தனை மணி என்று மட்டும் சொல்லுங்கள். இரண்டையும் ஒரே மனுவாக அனுப்பலாம்.