மேட்ரிக்ஸ் எஃபெக்டுக்கு ‘உடன்பொருள் விளைவு’: ஒரு முன்மொழிவு

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

நீரிலும் கழிவுநீரிலும் மிக நுண்ணிய அளவில் கலந்திருக்கும் ஹார்மோன்களை அளப்பது பற்றிய நம் சொல்லடைவில், ‘மேட்ரிக்ஸ் எஃபெக்ட்’ (மாதிரியில் உள்ள மற்ற பொருள்கள், அளக்கும் பொருளின் அளவீட்டைத் திரிப்பது) என்பதற்கு நான்கு சொற்கள் வந்துள்ளன. நான்கிலும் எனக்குத் தயக்கம் உண்டு. ‘அணி’ கணிதத்துக்கு உரியது; இங்கே வரிசையும் இல்லை, நிரலும் இல்லை. ‘ஊடக விளைவு’ என்றால் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எங்கள் வார இறுதித் தமிழ் வகுப்புப் பிள்ளைகள் தொலைக்காட்சியைத்தான் நினைப்பார்கள். ‘பின்னணி’ என்ற சொல், ஹார்மோனே இல்லாத வெற்று மாதிரியிலும் கருவி காட்டும் அளவைக் குறிக்க நமக்கு வேண்டியிருக்கிறது. ‘அயனி ஒடுக்கம்’ என்பதைப் படிக்கும் வேதியியல் மாணவர், ஆக்சிஜனேற்றத்துக்கு எதிரான ஒடுக்க வினை என்றே கொள்வார்.

‘உடன்பொருள் விளைவு’ என்று ஆளலாம் என்பது என் முன்மொழிவு. அளக்கப்படும் பொருள் ‘இலக்குப்பொருள்’. அதே மாதிரியில் அதனுடன் இருக்கும் மற்ற அனைத்தும் ‘உடன்பொருள்’.

எங்கள் ஊரின் வடக்குக் கழிவுநீர் நிலையம் சுத்திகரித்த நீரை உம்கேனி ஆற்றில் விடுகிறது. அத்தகைய நீரில் எஸ்ட்ராடையால் என்னும் பெண் ஹார்மோன் லிட்டருக்கு நானோகிராம் அளவில் இருந்தால், கரைந்த கரிமப்பொருள் மில்லிகிராம் அளவில், அதாவது ஏறத்தாழப் பத்து லட்சம் மடங்கு மிகுதியாக இருக்கும். 2015-இல் ஐரோப்பிய ஒன்றியம் வெளியிட்ட கண்காணிப்புப் பட்டியல், கருத்தடை மாத்திரையில் உள்ள எத்தினைல் எஸ்ட்ராடையாலை லிட்டருக்கு 0.035 நானோகிராம் வரை கண்டறிய வேண்டும் என்றது. அதற்கு ஒரு லிட்டர் நீரைத் திண்மநிலைப் பிரித்தெடுப்பின் (கரைந்த பொருள்களைத் திண்மப் பொதியில் பிடித்துச் சிறிதளவு கரைப்பானில் கழுவியெடுப்பதன்) வழியே ஒரு மில்லிலிட்டருக்கும் குறைவாகச் செறிவூட்ட வேண்டியிருக்கும். அப்போது உடன்பொருளும் சேர்ந்தே செறிவடைகிறது.

அது என்ன செய்கிறது என்பது முறைக்கு முறை மாறுகிறது. சேர்மங்களை முதலில் பிரித்துப் பின் அவற்றின் நிறையைக் கொண்டு அளக்கும், திரவ வண்ணப்பிரிகையுடன் இணைந்த இரட்டை நிறை நிறமாலைமானியில், மின்தெளிப்பின்போது அயனியாவதற்கு உடன்பொருள் போட்டியிடுவதால் ஹார்மோனின் குறிகை பெரும்பாலும் குறைகிறது, சில வேளைகளில் கூடவும் செய்கிறது. ஹார்மோனைப் பற்றும் எதிர்ப்பொருளைக் கொண்டு அளக்கும் எலைசாவில், மட்கிய பொருள்களிலிருந்து வரும் ஹியூமிக் அமிலம் போன்றவை எதிர்ப்பொருள் பிணைப்பைக் கெடுப்பதால், இல்லாத ஹார்மோன் இருப்பதுபோல அளவு பெரும்பாலும் உயர்ந்து தெரிகிறது. மனித ஈஸ்ட்ரோஜன் ஏற்பியின் மரபணுவைப் புகுத்திய ஈஸ்டைக் கொண்டு செய்யும் சோதனையிலோ, நச்சுப்பொருள்கள் ஈஸ்டையே கொன்று அளவைக் குறைத்துக் காட்டக்கூடும். ஆகவே ‘குறைப்பு’, ‘மறைப்பு’ என்று ஒரு திசையை மட்டும் காட்டும் எந்தச் சொல்லும் நமக்கு ஆகாது.

எது உடன்பொருள் என்பதும் முறையைப் பொறுத்ததே என்பதுதான் எனக்கு இன்னும் வலுவான காரணமாகப் படுகிறது. எஸ்ட்ராடையாலுக்கான எலைசாவில் எதிர்ப்பொருள், அதை ஒத்த மற்றொரு ஹார்மோனான எஸ்ட்ரோனையும் ஓரளவு பற்றிக்கொண்டால், அங்கே எஸ்ட்ரோன் பிழை தரும் உடன்பொருள். ஈஸ்ட் சோதனையிலோ அதே எஸ்ட்ரோன் இலக்கின் ஒரு பகுதி. ஏனெனில் அந்தச் சோதனை தனிச்சேர்மத்தை அளப்பதில்லை, ஏற்பியைத் தூண்டும் அனைத்தின் கூட்டு விளைவையும் எஸ்ட்ராடையால் சமன்மதிப்பாகத் தருகிறது. இவ்விரு முறைகளின் எண்களை அருகருகே வைத்து ஒன்று தவறு என்று தீர்ப்புச் சொல்லும் அறிக்கைகள் இந்த வேறுபாட்டைக் கவனிப்பதில்லை. ‘உடன்’ என்னும் சொல் எதனுடன் என்ற கேள்வியைத் தானே எழுப்புவதால், ஒவ்வொரு முறைக்கும் இலக்கை முதலில் சொல்லும்படி எழுதுபவரைக் கட்டாயப்படுத்தும்.

‘சூழ்பொருள்’ என்ற மாற்று, சுற்றுச்சூழல் கட்டுரைகளில் ‘சூழல்’ என்பதோடு குழம்பும் என்பதால் அதைத் தவிர்க்கிறேன்.

கிளைச்சொற்களும் எளிதாக அமைகின்றன. ஹார்மோன் இல்லாத கழிவுநீர்ச் சாற்றில், ஒப்பிடுவதற்காகத் தெரிந்த அளவு ஹார்மோனைச் சேர்த்துத் தயாரிக்கும் தரக்கரைசல், ‘உடன்பொருள் ஒத்த தரக்கரைசல்’ ஆகும். டியூட்டிரியம் (கன ஹைட்ரஜன்) ஏற்றிய ஹார்மோனை மாதிரியில் முதலிலேயே சேர்ப்பது ‘உடன்பொருள் திருத்தம்’; ஏறத்தாழ ஒரே நேரத்தில் வெளிவரும் ஏற்றிய ஹார்மோனும் இயல்பான ஹார்மோனும் ஏறத்தாழ ஒரே பாதிப்பை அடைவதாலும், நிறையைக் கொண்டு அவற்றைப் பிரித்தறிய முடிவதாலும், நிறமாலைமானியில் அது பலிக்கிறது. எலைசாவின் எதிர்ப்பொருளுக்கு அவ்விரண்டும் ஒன்றே என்பதால் அங்கே அது பயன்படாது. நீர்த்துப்பார்த்தலோ, கூடுதல் தூய்மையாக்கலோதான் வழி.

சேர்த்த அளவில் எவ்வளவு திரும்பக் கிடைத்தது என்பதை ‘மீட்பு விழுக்காடு’ என்று எழுதி வருகிறேன். பிரித்தெடுப்பில் நேரும் இழப்பையும் உடன்பொருள் விளைவையும் அச்சொல் ஒன்றாகக் கலந்துவிடுகிறது. இரண்டையும் பிரித்துச் சொல்ல வேறு சொல் இருப்பின் தெரிவிக்க வேண்டுகிறேன்.