டயாலிசிஸ் கையில் வீக்கம்: பலூன் சிகிச்சை போதுமா, ஃபிஸ்டுலாவை மூடிவிடலாமா?

கேள்வி:
என் தந்தைக்கு வயது 61. வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்கிறார். தொடக்கத்தில் அவசரத்துக்காக இடப்பக்கக் காறை எலும்பின் கீழ் கதீட்டர் (சிரைக்குள் செலுத்தும் டயாலிசிஸ் குழாய்) வைத்தார்கள். பின்னர் அதே பக்கக் கையில் ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காகத் தமனியையும் சிரையையும் இணைக்கும் வழி) அமைத்தார்கள். இரண்டு மாதங்களாக அந்தக் கை தோள்வரை வீங்கியிருக்கிறது, மார்பிலும் நீல நரம்புகள் புடைத்துத் தெரிகின்றன. மார்புக்குள் செல்லும் பெரிய சிரை சுருங்கியிருப்பதாகவும், பலூனால் விரிக்கலாம் என்றும் மருத்துவர் சொல்கிறார். ஃபிஸ்டுலாவை மூடிவிட்டால் வீக்கம் வடிந்துவிடுமே என்கிறார் உறவினர் ஒருவர். எது சரி?

பதில் 1 (டயாலிசிஸ் டெக்னீஷியன்):
மூடினால் வீக்கம் வடியும் என்பது உண்மைதான், ஆனால் உயிர்காக்கும் ஒரு வழியை இழந்துவிடுவீர்கள் என்பதால் அதைக் கடைசியாகவே யோசிக்க வேண்டும். கதீட்டர் உராய்ந்த இடத்தில் சிரையின் உட்சுவர் தடித்துச் சுருங்கியிருக்கும். ஃபிஸ்டுலா வழியாகத் தமனியின் ரத்தம் பாயத் தொடங்கிய பிறகுதான், அவ்வளவு ரத்தத்தையும் அந்தக் குறுகிய வழி தாங்காமல் கை வீங்குகிறது. காறை எலும்பின் கீழ் கதீட்டர் வைப்பதைக் கூடியவரை தவிர்த்து, வலக்கழுத்துச் சிரையைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதும் இதனால்தான்.

பதில் 2 (இதே சிகிச்சை பெற்றவர்):
எனக்கு ஃபிஸ்டுலா வழியாகவே மெல்லிய கம்பியைச் செலுத்தி, பலூனை விரித்தார்கள். மரத்துப்போகும் ஊசி மட்டும்தான். பலூன் விரியும்போது தோளில் ஓர் அழுத்த வலி இருந்தது. சில நாட்களில் கையின் வீக்கம் வடிந்தது. ஐந்து மாதத்தில் மீண்டும் வீங்கியது, மீண்டும் விரித்தார்கள். ஒரே முறையில் தீர்ந்துவிடும் என்று நம்பி நான் மனம் உடைந்ததுபோல் உங்கள் தந்தையும் உடையக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

பதில் 3 (மருத்துவர்):
விரித்த சிரை உடனே பழையபடி சுருங்கினாலோ, மூன்று மாதத்துக்குள் அடைப்பு திரும்பினாலோ ஸ்டென்ட் (சிரையை விரித்தபடி தாங்கும் வலைக்குழாய்) பற்றி யோசிப்போம். ஆனால் காறை எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் இடையே வைக்கும் ஸ்டென்ட் நசுங்கி உடையக்கூடும். கழுத்துச் சிரை வந்து சேரும் வாயை அது மறைத்தால், நாளை அவசரத்துக்கு அந்தப் பக்கம் கதீட்டர் வைக்கும் வழியும் போய்விடும். முழுதும் அடைபட்ட சிரையில் கம்பி நுழையாமலே போவதுண்டு. வலுவில் துளைத்தால் மார்புக்குள் ரத்தம் கசியும் ஆபத்து உள்ளதால், அதில் பழக்கமுள்ளவர்தான் செய்ய வேண்டும். முகம் வீங்கினாலோ, படுத்தால் மூச்சு முட்டினாலோ, குறித்த நாள்வரை காத்திராமல் உடனே அழைத்துச் செல்லுங்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. வியாழக்கிழமை வெனோகிராம் (சாயம் செலுத்தி எடுக்கும் சிரைப் படம்) எடுக்கிறார்கள். கழுத்துச் சிரையின் வாயைப் பற்றி முன்கூட்டியே கேட்டுவிடுகிறேன்.