மகனைப் போரில் பறிகொடுத்த தாய் ரோட்டில் உட்கார்ந்தால் அது நாடகமா?

லயத்துப் பொடியன் (ஹட்டன்) கேட்டது:

நேற்று இரவு எங்கள் வீட்டில் ரொட்டி ஆறிப்போகும்வரை ஒரு வாக்குவாதம். அக்கா வீட்டுக்காரர், நுவரெலியாவிலிருந்து தம்புள்ளைக்கு மரக்கறி லொறி ஓட்டுகிற மச்சான், போனில் ஒரு பழைய வீடியோவைக் காட்டினார். அமெரிக்காவில் சிண்டி ஷீஹன் என்று ஒரு அம்மா. மகன் கேசி, 24 வயது, ராணுவத்தில் வண்டி மெக்கானிக், 2004 ஏப்ரல் 4ஆம் திகதி ஈராக்கில், பாக்தாத்தின் சதர் சிட்டியில் நடந்த சண்டையில் செத்துப்போனவர். அடுத்த வருசம் ஓகஸ்ட்டில் ஜனாதிபதி புஷ் விடுமுறைக்கு டெக்சாஸ் கிரோஃபோர்டில் இருக்கிற தன் பண்ணைக்குப் போயிருக்க, இந்த அம்மா அந்தப் பாதை ஓரத்திலேயே கூடாரம் போட்டு உட்கார்ந்துவிட்டார். என் மகன் எந்த உன்னதக் காரியத்துக்காகச் செத்தான், அதை நேரில் வந்து சொல்லுங்கள் என்பதுதான் கேள்வி.

மச்சான் ஒரே பிடியாக நிற்கிறார். இவர் 2004 ஜூனிலேயே மற்றக் குடும்பங்களோடு புஷ்ஷைச் சந்தித்தவராம், பிறகு எதற்கு இரண்டாம் தடவை, எல்லாம் கமராவுக்காக என்கிறார். நான் விடவில்லை. ஆனால் ஒரு இடத்தில் எனக்கே வாயடைத்துப் போனது. அங்கே செத்த சிப்பாய்களின் பெயர் போட்ட வெள்ளைச் சிலுவைகளை வரிசையாக நட்டிருந்தார்கள். மகனை ஈராக்கில் இழந்த ஒரு அப்பா வந்து, என் பிள்ளையின் பெயரை இதில் சேர்க்காதீர்கள் என்று அவனுடைய சிலுவையைப் பிடுங்கிக்கொண்டு போயிருக்கிறார். அவரும் பெற்றவர்தானே. அவருக்கு என்ன சொல்வது?

கண்டி அக்கா:

தம்பி, இரண்டாம் தடவை ஏன் என்பதற்குத் திகதிகளைப் பார்த்தாலே போதும். முதல் சந்திப்பு மகன் செத்து இரண்டே மாதத்தில். செத்த வீட்டுக்கு வந்தவரிடம் யார் கணக்குக் கேட்பார்கள்? பிறகு அந்த வருசக் கடைசிக்குள் ஈராக்கில் ஆயுதம் தேடப்போன அமெரிக்க ஆய்வுக் குழுவே அறிக்கை கொடுத்துவிட்டது, ஈராக்கை ஆண்ட சதாமிடம் பேரழிவு ஆயுதக் கையிருப்பு இருக்கவில்லை என்று. எதற்காகப் போனோம் என்று சொன்னார்களோ அந்தக் காரணமே இல்லாமல் போய்விட்டது. அப்படியென்றால் அந்தத் தாய் முதல் தடவை கேட்காததை இப்போது கேட்கத்தானே செய்வார். முதல் சந்திப்புக்குப் பிறகு ஊர்ப் பத்திரிகையில் அவர் புஷ்ஷைப் பற்றிக் கொஞ்சம் நல்லபடியாகச் சொல்லியிருந்தார், அதைத் தோண்டியெடுத்து, பார் பேச்சை மாற்றுகிறாள் என்று அடித்தார்கள். புஷ் தேசிய பாதுகாப்பு ஆலோசகர் ஸ்டீவன் ஹாட்லியை அனுப்பினார், தான் மட்டும் வரவில்லை.

அவ்வளவு தூரம் போவானேன், நம்ம கண்டியிலேயே விசாகா தர்மதாச இருக்கிறார். மகன் ராணுவ அதிகாரி, 1998 செப்டம்பரில் கிளிநொச்சிச் சண்டையில் காணாமல் போனவர். இந்த அம்மா காணாமல்போன படையினரின் பெற்றோரைச் சேர்த்தார், சிப்பாய்களுக்கு அடையாளத் தகடு கொடுங்கள் என்று போராடினார், கடைசியில் வடக்குக்கே போய்ப் புலிகளின் ஆட்களோடும் அந்தப் பக்கத்துத் தாய்மாரோடும் பேசினார். அதையும் நாடகம் என்றா சொல்வோம்?

பண்டாரவளை மாமா:

எனக்கு இது சரிப்படவில்லை, சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் கட்டாய ஆட்சேர்ப்பு 1973இலேயே நின்றுவிட்டது, கேசி தானாகச் சேர்ந்த பிள்ளை. அன்றைக்கு மாட்டிக்கொண்ட கூட்டாளிகளை மீட்கப் போன வண்டியில் தானாக ஏறினார் என்றுதான் படித்திருக்கிறேன். அந்தப் பிள்ளை என்ன நினைத்துப் போனானோ, அதை அவன் அம்மாவால்கூட முழுசாகச் சொல்ல முடியாது. அம்மா என்றால் எல்லாம் தெரியும் என்கிற இந்தப் பேச்சு எனக்கு எப்போதுமே பிடிக்காது. 2006 ஜனவரியில் வெனிசுவேலா போய், புஷ்ஷைத் திட்டிக்கொண்டிருந்த அந்த நாட்டு ஜனாதிபதி சாவேஸோடு நின்று படம் எடுத்துக்கொண்டதும் இதே அம்மாதான். துக்கம் இருப்பதால் அரசியலும் சரியாகிவிடுமா என்ன? கேசியின் அப்பா வழிச் சொந்தக்காரர்களே இவர் செய்வதில் எங்களுக்கு உடன்பாடில்லை என்று அறிக்கை விட்டார்கள். அந்தச் சிலுவையை எடுத்துக்கொண்டு போன அப்பா செய்ததுதான் சரி.

இன்னொன்று. நம்ம தோட்டத்துப் பொடியன்களைப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் அள்ளிக்கொண்டு போன காலத்தில் எந்த அம்மா எந்த வாசலில் கூடாரம் அடித்தாள்? அடித்திருந்தால் அவளையும் சேர்த்து வேனில் ஏற்றியிருப்பார்கள். கூடாரம் போட்டு உட்கார விடுகிற நாட்டுக் கதையை வைத்துக்கொண்டு நாம் இங்கே சோற்றை ஆறவைக்கிறோம்.

(ரொட்டி என்று போட்டிருக்கிறார். சரி, ரொட்டியை.)

கண்டி அக்கா:

மாமா, அரசியலில் அவர் போன வழி எல்லாம் சரி என்று நான் சொல்லவில்லையே. எதிர்க்கட்சியான ஜனநாயகக் கட்சிக்காரர்களும் போரை நிறுத்தப் போவதில்லை என்று கண்டதும், 2007 மே மாதம் அவர்களையும் திட்டிவிட்டு இயக்கத்தை விட்டே ஒதுங்கினார். அடுத்த வருசம் அதே கட்சியின் பெரிய தலைவி நான்சி பெலோசிக்கு எதிராகத் தேர்தலில் நின்று தோற்றார். கமராவுக்காக உட்கார்ந்தவர் தனக்குக் கைதட்டிய கூட்டத்தையே பகைத்துக்கொள்ள மாட்டார். உட்கார முடியாது என்கிறீர்களே, கிளிநொச்சியில் கந்தசாமி கோவில் முன்னால் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி, காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகள் எங்கே என்று கேட்டு அம்மாமார் உட்காரத்தானே செய்தார்கள்.

கொழுந்துக்கூடை (கினிகத்தேனை):

நீங்கள் இரண்டு பேரும் பெரிய ஆட்களைப் பற்றிப் பேசுகிறீர்கள். எங்கள் லயத்துக்குப் பக்கத்துச் சிங்களக் கிராமத்திலிருந்து ஒரு அம்மே கீரை விற்க வருவார். முக்குணுவென்னவை வாழைநாரில் கட்டி, தண்ணீர் தெளித்து, பழைய உரச்சாக்கில் சுற்றிக் கொண்டுவருவார். மகன் ஆமியில் இருந்தான், முல்லைத்தீவில் காணாமல் போனான். சம்பளம் நல்லது என்று சேர்ந்தவன், நாட்டைக் காப்பாற்றவா போனான் என்று அவரே சொல்வார்.

இறந்ததாகப் பதிவதற்கு ஒரு படிவம் வந்திருக்கிறது. புருசனும் மூத்தவனும், கையெழுத்தைப் போட்டு தானம் கொடுத்து முடித்துவிடுவோம், அவனுக்கும் புண்ணியம் சேரும் என்கிறார்கள். இவர் மாட்டேன் என்கிறார். வீட்டில் வைத்தால் அவர்கள் போட்டுவிடுவார்கள் என்று பயந்து, அந்தப் படிவத்தைக் கொண்டுவந்து எங்கள் அம்மாவிடம் கொடுத்துவிட்டார்! அம்மாவுக்குச் சிங்களம் ஒரு எழுத்து தெரியாது. அடையாள அட்டை, ஈபிஎஃப் துண்டு எல்லாம் போட்டிருந்த பிஸ்கட் தகரத்தில் அடியில் வைத்தார். லயத்தில் சோதனைக்கு ஆமி வந்த ஒரு ராத்திரி டோர்ச் அடித்து அந்தத் தகரத்தைத் திறந்தார்கள். படிவத்தை எடுத்த பொடியன் வாசித்தான். இது எப்படி இங்கே என்று கேட்டான். அம்மா தனக்குத் தெரிந்த சிங்களத்தில், கீரை அம்மேயுடைய புதாவுடையது, அதாவது மகனுடையது, என்று சொன்னார். அவன் அதை மடிப்புக் கலையாமல் திருப்பி உள்ளே வைத்துவிட்டுப் போனான். மற்றதையெல்லாம் தரையில் கொட்டிவிட்டுத்தான் போனார்கள், அது வேறு.

இதில் அந்த அம்மேக்கு ஒரு நியாயம், புருசனுக்கு ஒரு நியாயம். புருசனும் மகனை இழந்தவர்தான், அவருக்குத் துக்கத்தை முடிக்க வேண்டியிருந்தது. ஆனால் பண்டாரவளை மாமா, அந்த அமெரிக்க அப்பா தன் மகனின் சிலுவையைத்தானே எடுத்துக்கொண்டு போனார். இன்னொருவன் ராத்திரியில் பிக்கப் வண்டியை ஓட்டிவந்து மற்றப் பிள்ளைகளின் சிலுவைகளை நசுக்கிவிட்டுப் போனானே, அவனையும் அவரையும் ஒரே பக்கத்தில் நிறுத்த என்னால் முடியாது.

2009இல் போர் முடிந்ததும் அம்மே வந்து படிவத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். போட்டாரா இல்லையா என்று நாங்கள் கேட்கவில்லை. கீரை மட்டும் வந்துகொண்டிருந்தது.

லயத்துப் பொடியன்:

எல்லாருக்கும் நன்றி. மச்சானுக்கு முழுசாக வாசித்துக் காட்டினேன். சாவேஸ் விசயத்தில் மாமாவுக்குக் கைகொடுத்தார், இரண்டாம் சந்திப்பு விசயத்தில் கொஞ்சம் இறங்கிவந்தார், கமரா என்பதை மட்டும் இன்னும் விடவில்லை. இன்று விடியக்காலை லீக்ஸ் மூட்டை ஏற்றும்போது, பேச்சே இல்லாத நேரத்தில், திடீரென்று கேட்டார்: அந்த அப்பா பிடுங்கிக்கொண்டு போன சிலுவையை வீட்டில் எங்கே வைத்திருப்பார்?