கிரிட்டிக்கல் ஆல்டிடியூட்: ‘மாறுநிலை உயரம்’ வேண்டாமே

> கிரிட்டிக்கல் டெம்பரேச்சர் ‘மாறுநிலை வெப்பநிலை’ ஆகும்போது விமான எஞ்சினின் கிரிட்டிக்கல் ஆல்டிடியூட் ‘மாறுநிலை உயரம்’ ஆகக் கூடாதா?

ஆகலாம் ஐயா. ஆனால் அந்த உயரத்தில் எதுவும் நிலை மாறுவதில்லையே! அங்கே நடப்பதைப் பார்த்துவிட்டுப் பெயர் வைப்போம்.

டர்போ (எரிந்த வாயு சுழற்றும் டர்பைனின் பலத்தில் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் கருவி) இல்லாத பிஸ்டன் எஞ்சின் தரையை விட்டுக் கிளம்பியதுமே சோர ஆரம்பித்துவிடும். ஆயிரம் அடிக்குச் சுமார் ஒரு பாதரச அங்குலம் வீதம் மேனிஃபோல்டு அழுத்தம், அதாவது எஞ்சினுக்குள் போகும் காற்றின் அழுத்தம், இறங்கும். 18,000 அடியில் வெளிக்காற்றின் அழுத்தமே கடல் மட்டத்தில் இருப்பதில் பாதிதான். த்ராட்டிலை முழுக்கத் திறந்தாலும் உள்ளே போகக் காற்று வேண்டுமே.

டர்போ இருந்தால் கதை வேறு. எரிந்த வாயு வெளியேறும் வழியில் வேஸ்ட்கேட் என்றொரு கதவு. தாழப் பறக்கும்போது அது திறந்திருக்கும், வாயுவில் ஒரு பகுதி டர்பைனைத் தொடாமலே போய்விடும். ஏற ஏறக் கதவு கொஞ்சம் கொஞ்சமாக மூடும், டர்பைன் வேகமெடுக்கும், மேனிஃபோல்டு அழுத்தமானியின் முள் நின்ற இடத்திலேயே நிற்கும். கதவு முழுக்க மூடியாயிற்று என்றால் கையிருப்பு தீர்ந்தது. அதற்கு மேல் ஏறினால் முள் இறங்கும்.

அதாவது, அந்த உயரம் வரை எஞ்சின் தாக்குப்பிடிக்கிறது. அதனால் ‘தாங்குயரம்’ என்கிறேன். ஊறுகாய், சுடுகாடு போல வினைத்தொகைதான், இலக்கணம் இடிக்காது.

> ‘உச்ச உயரம்’ எளிதாக இருக்கிறதே?

அது மட்டும் வேண்டாம். தாங்குயரத்தைக் கடந்தும் விமானம் ஏறும், ஏறும் வேகம்தான் குறைந்துகொண்டே போகும். அது நிமிடத்துக்கு 100 அடியாகச் சுருங்கும் இடம் சர்வீஸ் சீலிங். ‘உச்ச’ என்பதை அதற்கு எடுத்து வைப்போம்.

என் சொல்லிலும் ஒரு குறை உண்டு. அதற்கு மேல் எஞ்சின் தாங்காது, உடைந்துவிடும் என்று யாராவது படித்துவிடலாம். கட்டுரையில் முதல்முறை வரும்போது ‘அழுத்தந்தாங்கு உயரம்’ என்று விரித்து எழுதிவிட்டால் சரியாகிவிடும். “இந்த எஞ்சினின் தாங்குயரம் 20,000 அடி” என்று எழுதிப் பார்த்தேன், நாக்கில் இடறவில்லை.

அப்புறம், வேஸ்ட்கேட்டுக்கு யாராவது சொல் யோசித்தால் அனுப்புங்கள். ‘கழிவு வாயில்’ மட்டும் வேண்டாம்.