மொழி ஆய்வக ஹெட்செட்: அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்களேன்

வணக்கம். குடியாத்தம் பக்கம் ஒரு பள்ளியின் மொழி ஆய்வகத்தை (பிள்ளைகள் ஹெட்செட்டில் கேட்டு, பேசிப் பதிந்து மொழி பழகும் கம்ப்யூட்டர் அறை) புதுப்பிக்கிறோம். 20 கம்ப்யூட்டர், அவற்றை ஒன்றாக இணைக்க 24 போர்ட் நெட்வொர்க் சுவிட்ச்.

பெரிய தலைவலி ஹெட்செட்தான். 3.5 எம்எம் பின் லேசாக ஆடினாலே கரகரப்பு; பிள்ளைகள் பேசிப் பதிந்ததில் ‘ஸ’வா ‘ஷ’வா என்றே தெரியவில்லை. போன் ஹெட்செட்டின் நாலு வளையப் பின்னைக் கம்ப்யூட்டரின் மைக் துளையில் செருகினால் மைக் எடுப்பதே இல்லை. அதனால் யுஎஸ்பிக்கு மாறுகிறோம், சவுண்ட் கார்டு அதிலேயே இருக்கும். ஆனால் வேலூர் வெயிலில் காது மெத்தை உரிந்து கறுப்புத் துகள் பிள்ளைகள் காதில் ஒட்டுகிறது. மெத்தை தனியாகக் கிடைக்கும், துடைக்கக்கூடிய மாடல் எது?

இன்னொன்று: விண்டோஸ் 10 ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. பழைய பிராசசரில் 11-ஐ முறைப்படி ஏற்ற முடியாது. அதனால் விண்டோஸுக்குப் பதிலாக இலவச இயங்குதளமான உபுண்டுவை யோசிக்கிறோம். அதில் மொழி ஆய்வகம் நடத்துபவர்கள் எந்த மென்பொருள் வைத்திருக்கிறீர்கள்? ஆசிரியர் ஒரு மாணவரை மட்டும் தனியாகக் கேட்க முடிகிறதா?