புதுப்பிப்பு: கூடைப்பந்து பாணி ஸ்னீக்கர், ஆறு மாதம் கழித்து

வாங்கிய முதல் வாரத்தில் எழுதியபோது, "மெத்தென்று இருக்கிறது, அளவு கச்சிதம், கொடுத்த காசுக்குத் தகும்" என்று சொல்லியிருந்தேன். தினமும் போட்டு நடந்த பிறகு, முதல் இரண்டையும் திருத்த வேண்டியிருக்கிறது.

அளவில்தான் பெரிய தவறு. காலையில் போட்டுப் பார்த்து வாங்கிவிட்டேன். நாள் முழுக்க நின்றால் பாதம் கொஞ்சம் வீங்கும், மாலையானால் சுண்டுவிரல் பக்கம் கடித்தது. நீளம் சரி, அகலம்தான் போதவில்லை. தோல் என்பதால் ஒரு மாதத்தில் சற்று இளகியது. அதை நம்பி இறுக்கமான ஜோடியை எடுக்காதீர்கள். அகலத்தில் கொஞ்சம் இளகும், நீளத்தில் இளகாது.

குதிகால் நழுவுகிறது என்று ஒருவர் கேட்டிருந்தார். மேலே உள்ள கடைசி இரண்டு துளைகளுக்கு இடையில், இரு பக்கமும் லேஸில் சிறு வளையம் விட்டு, எதிர்ப்பக்க முனையை அதற்குள் நுழைத்து இழுத்துக் கட்டுங்கள். எனக்கு நழுவல் நின்றுவிட்டது.

அப்புறம் அந்த மெத்து. அது பெரும்பாலும் உள்ளே போட்டிருக்கும் நுரை அட்டையின் வேலை. மூன்றாம் மாதமே குதிகாலில் தட்டையாகிவிட்டது. கழற்றி வேறு அட்டை போட்டேன், இப்போது நிஜமாகவே சுகம். நைக்கியின் ஏர் ஃபோர்ஸ் 1 ஷூ வந்த 1982இல் இந்த வகை ஷூ கூடைப்பந்து ஆட்டத்துக்கென்றே செய்யப்பட்டது. தடித்த அடிப்பாகம், எடையும் அதிகம். நீண்ட நடைக்கு இதை நான் எடுப்பதில்லை.

காசு விஷயத்தில் மட்டும் என் பேச்சு மாறவில்லை. அடிப்பாகத்தைப் பசையோடு விடாமல் சுற்றித் தைத்திருக்கிறார்கள், இன்னும் ஓர் இடத்தில்கூடப் பிரியவில்லை.